முதலில் முதுகைப் பாருங்கள்

பரணில் கிடக்கும் பழைய கம்பளம் பாரசீகமா, வாலாஜாபேட்டையா?

ஈரம் சரக்கை என்ன செய்யும் என்று போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பறித்த ஏலக்காயில் 80 சதவீதம் தண்ணீர். ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்கூடத்தில் வைத்து அதை 10, 12 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால்தான் காய் விலைபோகும். பக்குவம் பிசகினால் பூஞ்சணம் ஏறும், பச்சை நிறம் போய்விடும். போடிமெட்டுக்கு மேலே மழை மாதங்களில் வீட்டுச் சுவரே வேர்க்கும். இப்படிப்பட்ட மலைச்சரிவில் ஒரு பழைய ரத்தினக் கம்பளம் பரணில் சுருண்டு கிடந்தால் அதன் கதி என்ன?

அப்படி ஒன்று கையில் கிடைத்தவுடன் பெரும்பாலோர் ‘பெர்ஷியன்’ என்று பெயர் வைப்பார்கள். அடுத்து, தண்ணீர் ஊற்றித் தேய்ப்பார்கள். இரண்டுமே அவசரம். அது நம் தமிழ்நாட்டுத் தறியில் பிறந்ததாகவும் இருக்கலாம்.

கிழக்குக் கரைக்கு வந்த கலை

முடிச்சுக் கம்பளக் கலை இந்தியாவில் செழித்தது பாரசீகத் தொடர்பால்தான். ஆக்ரா, ஃபத்தேபூர் சிக்ரி, லாகூர் ஆகிய ஊர்களில் அக்பர் கம்பளப் பட்டறைகளை வளர்த்தார். தெற்கே, ஆந்திரத்தின் ஏலூருக்கு இந்தத் தொழிலைக் கொண்டுவந்தவர்கள் பாரசீகத்திலிருந்து குடியேறியவர்கள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. தக்காணத்திலும் சோழமண்டலக் கரையிலும் நெய்த கம்பளங்களை டச்சுக் கப்பல்கள் ஜப்பான் வரை கொண்டுபோயின. கியோட்டோவில் ஜூலை மாதம் நடக்கும் கியோன் திருவிழாவின் தேர்களை அலங்கரித்த துணிகளில் அந்த இந்தியக் கம்பளங்களும் உண்டு.

தமிழ்நாட்டில் பாலாற்றங்கரை வாலாஜாபேட்டையும் தஞ்சாவூர்ப் பக்கத்து அய்யம்பேட்டையும் கம்பளத்துக்குப் பேர்போனவை. அய்யம்பேட்டையில் நெய்தவர்கள் சௌராஷ்டிரர்கள். தஞ்சையிலும் சேலத்திலும் பட்டு இழையில் முடிச்சுப் போட்ட கம்பளங்கள் உருவானதை 1880-ல் வெளியான ஜார்ஜ் பேர்ட்வுட்டின் இந்தியக் கைத்தொழில் நூல் பதிவு செய்கிறது. தென்னிந்தியக் கம்பளத் தொழிலைப் பற்றி ஹென்றி ஹாரிஸ் எழுதிய தனி நூலை மெட்ராஸ் அரசு 1908-ல் அச்சிட்டது.

ஆனால் அந்த நூல் வரும்போதே தொழில் தளர்ந்திருந்தது. 1851 லண்டன் கண்காட்சிக்குப் பிறகு ஐரோப்பாவில் இந்தியக் கம்பளத்துக்குக் கிராக்கி கூடியது. விலை குறைவாக வேண்டும் என்றார்கள். ஆக்ரா, லாகூர், எரவாடா சிறைகளில் கைதிகள் நெய்த கம்பளங்கள் சந்தைக்கு வந்தன. கூலி கொடுத்து நெய்பவர் அந்த விலையோடு எப்படிப் போட்டிபோட முடியும்? 1856-ல் பெர்கின் கண்டுபிடித்த செயற்கைச் சாயத்தின் வழிவந்த மலிவு நிறங்களும் சேர்ந்துகொண்டன. அவற்றில் பல, வெயில் பட்டதும் வெளுத்தன.

முதுகு சொல்லும் சேதி

கம்பளத்தின் முகம் ஏமாற்றும். தாமரையும் கொடியும் பாரசீகத்தில் இருந்தபடியே இங்கும் நெய்யப்பட்டன. அதனால் கைதேர்ந்தவர்கள் முதலில் புரட்டித்தான் பார்ப்பார்கள். பாவு பருத்தியா, கம்பளியா, பட்டா? எத்தனை இழையை முறுக்கியிருக்கிறார்கள்? ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை முடிச்சு? முடிச்சு எந்த வகை? இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்துத்தான் ஊரைக் கணிக்க முடியும்.

அடுத்த சாட்சி சாயம். அரக்கிலிருந்து எடுத்த சிவப்பு இந்தியக் கம்பளங்களின் முக்கியமான அடையாளம். மஞ்சிட்டி வகை வேர்கள் தரும் சிவப்பு வேறு. நீலம் அவுரியுடையது. இரும்புச் சத்துச் சேர்த்த கறுப்பும் பழுப்பும் காலப்போக்கில் கம்பளியையே அரித்துவிடும். கறுப்புக் கோடுகள் பள்ளமாகவும் மற்ற நிறங்கள் மேடாகவும் தெரிந்தால், அது தேய்மானம் மட்டுமல்ல. கம்பளத்தின் வயதுக்கும் அது ஒரு குறிப்பு. நுனியில் வெளுத்து அடியில் பளிச்சென்று இருக்கும் நிறமோ, மலிவுச் சாயத்தைச் சந்தேகிக்கச் சொல்கிறது.

ஆர்டபில் கற்றுத்தந்தது

பழுதுபார்ப்பு என்ற பெயரில் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற சான்று ஆர்டபில் கம்பளம். ஈரானின் ஆர்டபில் தர்காவைச் சேர்ந்தது; நெய்த ஆண்டு ஹிஜ்ரி 946, அதாவது 1539-40, என்று அதிலேயே பொறித்திருக்கிறது. சதுர அங்குலத்துக்குச் சுமார் 340 முடிச்சு. ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் பரிந்துரையோடு 1893-ல் 2,000 பவுண்டுக்கு லண்டனில் உள்ள ஓர் அருங்காட்சியகம் அதை வாங்கியது. பத்தரை மீட்டர் நீளத்தில் அது முழுமையாகத் தெரிவதற்குக் காரணம், அதன் ஜோடிக் கம்பளம் பலியானது. அதை வெட்டித்தான் இதை ஒட்டுப்போட்டார்கள். கரையிழந்த அந்த ஜோடி இன்று லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறது.

இன்று அப்படிச் செய்யத் துணிய மாட்டார்கள். லண்டனில் அந்தக் கம்பளத்துக்கு அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டுமே விளக்குப் போடுகிறார்கள், நிறம் போகாமலிருக்க. அருங்காட்சியகங்கள் ஓட்டையை மறைத்து நெய்வதில்லை. அடியில் துணி கொடுத்துத் தைத்துத் தாங்கவைக்கின்றன. நாளை வேண்டாமென்றால் பிரித்துவிடலாம். வியாபாரிக்கு வேலை செய்பவர்களோ அறுந்த பாவை ஊசியால் மீண்டும் ஓட்டி, நிறம் பொருத்திய கம்பளியில் முடிச்சு முடிச்சாகப் போட்டு, கத்தரித்து மட்டம் செய்கிறார்கள். கைத்திறன் அபாரமானது. ஆனால் எது பழையது, எது புதியது என்ற சுவடு அழிந்துவிடும்.

மலையடிவாரத்தில் செய்யக்கூடியது

பருத்திப் பாவு ஈரத்தில் உளுத்துப்போனால், மடிக்கும்போதே சடசடவென்று முறியும். எனவே மடிக்காதீர்கள். கெட்டியான குழாயில் சுருட்டி, வெள்ளைப் பருத்தித் துணியால் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். உள்ளே வேர்வை தேங்கும். தரையிலும் சுவரிலும் ஒட்டாமல் உயர்த்தி வையுங்கள். கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. இருட்டும் அசையாமையும் அதற்குச் சௌகரியம். மழை விட்டதும் நிழலில் விரித்து, இருபக்கமும் மெதுவாகத் தூசி எடுத்தாலே பாதித் தொல்லை தீரும்.

கழுவும் எண்ணம் வந்தால், முதலில் ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஓரமாக அழுத்திப் பாருங்கள். துணியில் சாயம் இறங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன் கம்பளத்தின் முகத்தையும் முதுகையும் படம் எடுங்கள். அளவையும் முடிச்சுக் கணக்கையும் எழுதி வையுங்கள். யார் வாங்கியது, எங்கே என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக் குறியுங்கள். பாரசீகக் கம்பளத்துக்கு உலகமெங்கும் அருங்காட்சியகங்களும் ஆய்வாளர்களும் உண்டு. வாலாஜாபேட்டைக்கும் அய்யம்பேட்டைக்கும் அந்த அளவுக்கு ஆள் இல்லை. அவற்றின் வரலாற்றை மீட்க, கம்பளத்தைப் புதிதாக்குவதைவிட இந்த ஒரு பக்கக் குறிப்புதான் அதிகம் உதவும்.