கவசமென்று கருதப்பட்ட மீன்

இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரையடுத்த செங்கற் சூளைகளுக்காகக் களிமண் வெட்டிய பள்ளங்களில், ஆல்பிரட் லீட்ஸ் என்னும் வேளாளர் பெரிய எலும்புத் தகடுகள் சிலவற்றைக் கண்டெடுத்தார். டைனோசார் ஒன்றின் முதுகுக் கவசம் அவை என்று 1887-இல் ஓர் அறிஞர் எழுதினார். ஆண்டுகள் பல விடைத்தாள் திருத்திய நான் அதனைச் சுழிக்கத் துணியேன். அத்துணைப் பெரிய எலும்புமீனை அதற்குமுன் எவர் கண்டார்? மறு ஆண்டே அமெரிக்கரான மார்ஷ், அவை மீனின் தலையெலும்புகள் என்றார். 1889-இல் உட்வர்டு அதற்கு ‘லீட்சிக்திஸ்’ எனப் பெயரிட்டார்.

ஏறத்தாழ 16.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இம்மீன், செவுள்களிலிருந்த சல்லடையால் கடல்நீரை வடித்து நுண்ணுயிர்களை உண்டது. 16 மீட்டர் வரை வளர்ந்திருக்கலாம் என்பர். முதுகெலும்போ குருத்தாகவே இருந்து மக்கிப்போயிற்று. ஆதலின் அந்நீளமும் கணிப்பேயாம்.