பத்து வெள்ளியும் மனித மனமும்

ஜார்ஜ்டவுனில் படகேறி அக்கரை சேர்ந்து, கூலிம் பக்கம் போனால் புக்கிட் சிடிம் தோட்டம். இன்றைய நம் பேச்சு அதைப் பற்றியதுதான்.

1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் துண்டாடி விற்றார்கள். பால் வெட்டியவர்களுக்கு வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும் போயிற்று. 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று தோட்டம் தோட்டமாகச் சென்று கேட்டார்.

பத்து வெள்ளி அன்று சில நாள் கூலி. கங்காணி காலத்திலிருந்து கணக்கில் ஏமாந்து வந்த குடும்பம் முந்தானை முடிச்சை உடனே அவிழ்க்குமா? அந்தத் தயக்கத்தை அறியாமை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பட்டவர்களின் யோசனை அது. ஆனால் அடுத்த வீட்டுக்காரர் பணம் கட்டிவிட்டு ரசீதைக் காட்டினால், மேடைப் பேச்சுக்கு அசையாத மனமும் அசையும். நம்மில் பலர் அப்படித்தானே? துணைக்கு ஒருவர் இருந்தால்தான் துணிவு வருகிறது.

சங்கம் முதலில் வாங்கிய தோட்டம்தான் புக்கிட் சிடிம். தோட்டத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால், பால் வெட்டுகிறவரும் தம்மைச் சேர்த்துச் சொல்லலாம் என்றாயிற்று.