மேடு பள்ளம் - 11: ஸ்டெப்னி நடுவில் ஒரு கேமரா

2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த மூன்று கதவுத் தாரில் ரிவர்ஸ் கேமரா கிடையாது. பின்னால் சென்சார் மட்டும் உண்டு. 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களுக்கு அரசாங்கம் அதைக் கட்டாயமாக்கிவிட்டது. 2025-இல் செய்த மாற்றத்தில்தான் கம்பெனியே கேமராவைக் கொடுத்தது. நடுவில் வாங்கியவர்களும், பழைய தார், ஜிப்ஸி வைத்திருப்பவர்களும் கார் அக்சஸரீஸ் கடைப் படி ஏறித்தான் ஆக வேண்டும்.

சென்சார் போதாதா என்று கேட்பார்கள். ஊருக்குள் போதும். மலைப்பாதையில் பின்னால் இடுப்பளவு புல் நின்றாலே அது அலற ஆரம்பித்துவிடும். பயப்பட வேண்டிய பள்ளத்துக்கு வாயே திறக்காது. அனுப்பிய ஒலி பட்டுத் திரும்புவதற்கு அங்கே என்ன இருக்கிறது? போதாக்குறைக்குப் பின்கண்ணாடியில் ஒரு பாதியை ஸ்டெப்னி அடைத்துக்கொள்கிறது. வண்டியும் உயரம். பின்னால் ஒரு குழந்தை குந்தியிருந்தால் டிரைவருக்குத் தெரியவே தெரியாது. அமெரிக்காவில் 2002-இல் தந்தை பின்னால் எடுத்த வண்டியில் சிக்கி இறந்த இரண்டு வயதுச் சிறுவன் கேமரன் குல்ப்ரான்சனின் பெயரில்தான் அங்கே 2008-இல் சட்டம் வந்தது. 2018 மே முதல் அங்கே புதுக் கார் அத்தனைக்கும் கேமரா கட்டாயம். வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளம் திரையில் தெரிய வேண்டும் என்பது கணக்கு.

கேமராவை எங்கே வைப்பது? கடையில் கேட்டால் நம்பர் பிளேட்டுக்கு மேலே என்பார்கள். வேலை சுலபம் என்பதுதான் காரணம். சேற்றில் இறங்கும் வண்டிக்கு அது சரிப்படாது. டயர் வாரி அடிப்பதெல்லாம் நேராக லென்ஸில் வந்து அப்பும். மேலே பிரேக் லைட் பக்கம் வைத்தால் சுத்தமாக இருக்கும், ஆனால் படத்தின் கீழ்ப்பாதியில் ஸ்டெப்னியின் தலைதான் தெரியும். என்னைக் கேட்டால் ஸ்டெப்னியின் நடுவே, வீல் துளைக்குள் பிராக்கெட் வைத்துப் பொருத்துவதே சரி. பின்னால் அதிகம் நீட்டிக்கொண்டிருப்பது அந்த டயர்தான், முதலில் இடிபடுவதும் அதுவே. 2018-இல் வந்த ஜீப் ரேங்லரில் கம்பெனியே அங்கேதான் வைத்தது. பெரிய டயர் மாற்றுகிற உத்தேசம் இருந்தால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற பிராக்கெட்டாகப் பாருங்கள். இல்லாவிட்டால் கேமரா குழிக்குள் போய், படத்தைச் சுற்றி ரப்பர் வட்டம்தான் மிஞ்சும்.

கோவையில் எனக்குப் பழக்கமான எலெக்ட்ரீஷியன் ஒருவர், யார் கேமராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் ஒரே மாதிரி சொல்வார்: "கேமராவ அப்புறம் பாக்கலாமுங்க, மொதல்ல ஒயரக் காட்டுங்க." வேலையின் முக்கால்வாசி அந்த ஒயரில்தான் இருக்கிறது. பின்கதவு திறந்து மூடுகிற இடத்தைத் தாண்டித்தான் அது உள்ளே வந்தாக வேண்டும். கதவுக்கும் பாடிக்கும் நடுவே மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய் இருந்தால் அதற்குள் விடலாம். அவர் சைக்கிள் பிரேக் கம்பியை முதலில் உள்ளே செலுத்தி, நுனியில் ஒயரைக் கட்டி டேப் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி இழுப்பார். அவசரக்காரர்கள் கதவு இடுக்கில் ஒயரை மடித்து விட்டுவிடுவார்கள். கொஞ்ச நாளில் மேலுறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். கதவை ஒரு தட்டு தட்டினால் படம் வரும், அடுத்த குலுக்கலில் போய்விடும். கதவை முழுக்கத் திறந்து பார்த்து, அதற்கும் மேல் கொஞ்சம் தளர்வு விட்டுத்தான் கட்ட வேண்டும்.

கரண்ட் எடுப்பது ரிவர்ஸ் லைட்டிலிருந்து. கேமரா குடிப்பது அந்த பல்பு குடிப்பதில் ஒரு துளி. ஆனாலும் சின்னதாக ஒரு தனி பியூஸ் போட்டுவிடுங்கள், அது காப்பது மெல்லிய ஒயரை. அதே இணைப்பிலிருந்து இன்னொரு ஒயர் முன்னால் ஸ்கிரீனுக்கும் போகும். கியர் ரிவர்ஸில் விழுந்ததை அதற்குச் சொல்வது அதுதான். எர்த்தைக் கதவுத் தகட்டில் ஏதோ ஒரு ஸ்க்ரூவில் மாட்டாதீர்கள். பெயின்டும் துருவும் குறுக்கே நிற்கும், படத்தில் கோடு கோடாக ஓடும். லைட்டின் எர்த்திலேயே சேர்த்துவிடுவது நல்லது. புது வண்டிகளில் பல்பு உயிரோடு இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் விட்டு விட்டுக் கரண்ட் அனுப்பிப் பார்க்கும். படம் மினுக்கினால் நடுவே ஒரு ரிலே போட வேண்டும். வாரன்டி முடியாத வண்டியில் ஒயரை வெட்டவே விடாதீர்கள். கப்ளர் வைத்த செட்டாக வாங்குங்கள்.

ஸ்கிரீன் நீலமாக நின்றால் கேமராவைக் குறை சொல்லும் முன் செட்டிங்கில் வீடியோ வகையைப் பாருங்கள். பால், என்டிஎஸ்சி, ஏஹெச்டி என்று மூன்று நான்கு இருக்கும், இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இடம் வலமாகத் தெரிந்தால், பல கேமராக்களில் அதற்கென்று சின்ன ஒயர் வளையம் ஒன்று உண்டு. அதை வெட்டினால் மாறிவிடும். பக்கத்திலேயே இன்னொரு வளையம் இருக்கும். அதை வெட்டினால் திரையில் தூரம் காட்டும் கோடுகள் போய்விடும். எது எது என்று பெட்டியில் வந்த தாளைப் படித்துவிட்டு வெட்டுங்கள்.

அந்தக் கோடுகளைப் பற்றித்தான் மலைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் தரை சமமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்டவை. பின்னால் மேடு ஏறினால், அதன்மேல் இருக்கும் பாறை படத்தில் மேலே தெரியும். பச்சைக் கோட்டுக்கு அப்பால் இருக்கிறதே என்று நினைத்து எடுத்தால் அதற்கு முன்னாலேயே இடிக்கும். சரிவு இறங்கினால் இதற்கு நேரெதிர். தூரத்தில் இருப்பது பக்கத்தில் இருப்பதாகக் காட்டும். அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கிளை, லாரியின் பின்பக்கக் கம்பி இவைதான் மோசம். கோடு தரையைத்தான் அளக்கிறது. கிளை கண்ணாடியைத் தொட்ட பிறகும் படத்தில் எட்டவே நிற்கும். சமதரையில் ஸ்டெப்னியிலிருந்து ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் தள்ளிச் சுண்ணாம்பால் கோடு கிழித்து, திரையில் அவை எங்கே விழுகின்றன என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஹேர்பின் வளைவில் பள்ளத்தை நோக்கி ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருவரைக் கீழே இறக்கி நிறுத்துங்கள். "வரட்டும், வரட்டும், ஹோல்டான்" என்று குரல் கொடுக்கிற ஆளுக்கு விளிம்பு மண் கெட்டியா, பொலபொலப்பா என்பது தெரியும்.

வாங்கும்போது பெட்டியில் ஐபி 67 என்று போட்டிருப்பதைக் காட்டி, தண்ணீரைப் பற்றிப் பயமில்லை என்பார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதே அதன் பொருள். தார் 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கலாம் என்பதால் ஓடை கடக்க அது தாராளம். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியின் வேகத்துக்கு ஐபி 69கே வேண்டும். அது இல்லையென்றால், சர்வீஸுக்கு விடும்போதே பையனிடம் "தம்பி, ஸ்டெப்னி நடுவுல மட்டும் தண்ணி அடிக்காதப்பா, துணியால தொடச்சிடு" என்று சொல்லிவிடுங்கள்.

(தொடரும்)