சிறு தீ பெருந்தீயைத் தடுக்குமா?

எவ்வளவு தீ, எப்போது தீ என்பதை விருத்தாசலம் பீங்கான் சூளைக்காரர் தீர்மானிப்பார். காட்டில் அது முடியுமா?

சத்தியமங்கலத்தை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர் பழங்குடியினர் செய்துகாட்டினார்கள். எப்படி? ஜனவரி வாக்கிலேயே சருகைக் கொளுத்துவார்கள். அப்போது சருகு குறைவு, ஈரமும் மிச்சமிருக்கும். தீ தரையோடு ஊர்ந்து அடங்கிவிடும். காட்டை ஆக்கிரமிக்கும் புதரான உண்ணிச்செடியின் கன்றுகளும் கருகும்.

1974-இல் அந்த மலைக்காடு சரணாலயமானது. தீ வைக்கத் தடை வந்தது. 1997-க்கும் 2008-க்கும் இடையே உண்ணிச்செடி ஏறக்குறைய இருமடங்கு இடங்களில் பரவியதை ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அளந்தறிந்தார்கள். தீ நின்றதும் ஒரு காரணம் என்ற சோளகர்களின் விளக்கத்தையும் பதிவுசெய்தார்கள்.

உண்ணிச்செடி பரவினால் ஏன் கவலை? கோடையில் காய்ந்த புதர், தரைத்தீயைக் கிளைவரை ஏற்றிவிடும். காட்டுத்தீத் திட்டம் தீட்டும் மேசையில் சோளகர்களுக்கும் இடம் வேண்டும்.