ஒரு மடக்கிலேயே முகம் சிவந்தால்

பாதிக் கோப்பை மதுகூட முடியவில்லை. அதற்குள் முகம் சுடுகிறது, காது மடல் சிவக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. பக்கத்தில் இருப்பவரோ, “போகப் போகப் பழகிடும்” என்கிறார். பழகுமா?

படபடப்பு வேண்டுமானால் பழகலாம். உள்ளே நடப்பது மாறாது. கல்லீரல் மதுவை முதலில் அசிட்டால்டிஹைடாக (மதுவைவிடக் கடுமையான நஞ்சு) மாற்றுகிறது. பிறகு ஒரு நொதி (உடலின் வேதி வேலைகளை முடுக்கிவிடும் புரதம்) அந்த நஞ்சை முறிக்கிறது. நொதி மந்தமானால் நஞ்சு தேங்கும், ரத்தக் குழாய்கள் விரியும், முகம் சிவக்கும். தலைவலியும் குமட்டலும் கூடவே வரும்.

இது யாருக்கு வரும்? சீனர், ஜப்பானியர், கொரியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பிறவியிலேயே இந்த நொதி மந்தம். நம்மவர்களிடம் அது அரிது. ஆகவே உங்களுக்குத் திடீரென்று இப்படி ஆனால், முதலில் மாத்திரை அட்டையைப் பாருங்கள். வயிற்றுப்போக்குக்கும் பல் சீழுக்கும் தரும் மெட்ரோனிடசோலை மதுவோடு சேர்க்கக் கூடாது; மாத்திரை முடிந்த பிறகும் இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். ரோசேசியா (முகத்தோல் அடிக்கடி சிவக்கும் நோய்) இருந்தாலும் மது அதைக் கிளறிவிடும்.

கறுத்த மேனியில் சிவப்பு தெரியாதே? தெரியாது. சூட்டையும் படபடப்பையும் கவனியுங்கள்.

ஒவ்வாமை மாத்திரையோ அசிடிட்டி மாத்திரையோ போட்டுக்கொண்டு குடிக்கலாமா? கூடாது. சிவப்பு மறையும், நஞ்சு அப்படியே இருக்கும்; எச்சரிக்கை போய்விட்டதால் இன்னும் கூடுதலாகக் குடிப்பீர்கள். மது வழியே உடலில் சேரும் அசிட்டால்டிஹைடு, புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. நொதி மந்தமானவர் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு.

இதே நொதியை வேண்டுமென்றே முடக்கும் மாத்திரையும் உண்டு: டைசல்ஃபிராம். குடியை நிறுத்த விரும்புகிறவருக்கு, அவர் சம்மதத்தோடு மருத்துவர் தருவது. சில வீடுகளில் கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துவிடுகிறார்கள். அவர்களின் தவிப்பு புரிகிறது. ஆனால் அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மூச்சுத் திணறினாலோ, உதடும் நாக்கும் வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். அது ஒவ்வாமையாக இருக்கலாம்.

பிறவி நொதி மந்தத்துக்கு மருந்து இல்லை; குடிக்காமல் இருப்பதுதான் வழி. விருந்தில் யாராவது வற்புறுத்தினால், “எனக்கு ஒத்துக்காது” என்று சொல்லிவிடுங்கள். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. டைசல்ஃபிராம் எடுப்பவர் இன்னும் உஷாராக இருக்க வேண்டும்: ஆயுர்வேத அரிஷ்டங்களிலும் சில இருமல் மருந்துகளிலும்கூட மது உண்டு. வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.