தைரொயிட் குளிசையும் காலைத் தேத்தண்ணியும்

நமது கழுத்தின் முன்பக்கத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. அதுதான் தைரொயிட். உடம்புச் சூடு, இதயத் துடிப்பு, பிள்ளைகளின் வளர்ச்சி, மூளையின் வேலை எல்லாவற்றுக்கும் இதில் ஊறும் ஹோமோன் தேவை. இது குறைந்தால் அசதி, மலச்சிக்கல், உடம்பு ஊதுதல், குளிர் தாங்காமை, முடி கொட்டுதல், மாதவிடாய்க் கோளாறு எல்லாம் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். "மலை ஏற முடியல, சோம்பேறின்னு ஏசுறாங்க" என்று சொல்லும் பெண்களில் சிலருக்கு உண்மையில் இந்த வருத்தம் இருக்கக்கூடும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இதற்கு டொக்டர் தருவது தைரொக்சின் குளிசை. உடம்பில் இல்லாததை வெளியிலிருந்து கொடுப்பதுதான் இதன் வேலை. 1891ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜோர்ஜ் மறே என்ற டொக்டர், ஆட்டின் தைரொயிட் சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்குக் கொடுத்தார். அதைத் தொடர்ந்து எடுத்துவந்த அந்த அம்மா 74 வயதுவரை வாழ்ந்தார். ஆனால் குளிசையை எடுக்கும் விதத்தில் பிழை இருந்தால், எடுத்தும் பலன் கிடைக்காது.

எப்படி எடுப்பது?

நம்மில் பலருக்கு எழுந்ததும் வாயில் படுவது தேத்தண்ணிதான். அதோடு குளிசையையும் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு ஓடுகிறோம். தேத்தண்ணி, கோப்பி, பால் மூன்றும் மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஆகவே எழுந்தவுடன் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு குளிசையைப் போடுங்கள். பிறகு அடுப்பு மூட்டுங்கள், ரொட்டி சுடுங்கள், பிள்ளைகளை எழுப்புங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணி குடிக்கலாம்.

இரும்புச்சத்துக் குளிசை, கல்சியம், நெஞ்செரிவு மருந்து ஆகியவற்றுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். சோயா கலந்த திரிபோஷாவையும் சோயா மீட்டையும்கூட இதோடு சேர்க்காமல் தள்ளிச் சாப்பிடுங்கள். அவற்றை நிறுத்த வேண்டியதில்லை.

மறந்துவிட்டால்?

அன்றைக்கே நினைவு வந்தால் போடுங்கள். மறுநாள் ஆகிவிட்டால் வழமையான அளவு மட்டும் போதும். இரண்டு நாள் குளிசையைச் சேர்த்துப் போடாதீர்கள். அளவு கூடினால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, வயிற்றோட்டம், மெலிவு உண்டாகும். பல காலம் கூடுதலாக எடுத்தால் எலும்பும் தேயும். இப்படி ஏதும் இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். நெஞ்சுவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கர்ப்பிணித் தாய்மார் கவனத்திற்கு

முதல் மாதங்களில் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்வது தாயின் ஹோமோனை நம்பித்தான். பிள்ளைக்கு ஆகாது என்று பயந்து குளிசையை நிறுத்துவதுதான் பிள்ளைக்கு ஆபத்து. கர்ப்பம் என்று தெரிந்தவுடன் டொக்டரிடமும் மருத்துவ மாதுவிடமும் சொல்லுங்கள். பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டிவரும். அதை டொக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பால் கொடுக்கும்போதும் எடுக்கலாம்.

இவற்றையும் நினைவில் வையுங்கள்

1. "நல்லாத்தானே இருக்கேன், இனி என்னத்துக்குக் குளிசை?" என்று நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பதே குளிசையால்தான். பலருக்கு இது ஆயுள் முழுக்கத் தேவை.

2. அளவை மாற்றினால் 6 முதல் 8 கிழமைக்குள் இரத்தம் சோதிக்க வேண்டும். பிறகு வருடத்துக்கு ஒரு தடவை.

3. குளிசை 25, 50, 100 மைக்ரோகிராம் என்று பல அளவில் வரும். புது மட்டை வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

4. கழுத்தில் கழலை இருக்கிறது என்று பக்கத்து லயத்தாருக்கு உங்கள் குளிசையைக் கொடுக்காதீர்கள். எல்லாக் கழலைக்கும் இது மருந்தல்ல.

5. அடுப்புப் பக்கமும் ஈரச் சுவரோரமும் வைக்காதீர்கள். சிறுவர் கைக்கு எட்டக் கூடாது.

6. அயடின் உப்பு வீட்டுக்கு நல்லது. ஆனால் குளிசைக்குப் பதிலாகாது.

கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போகுமே என்று தள்ளிப்போடுகிறோம். குளிசை முடிய இரண்டு கிழமைக்கு முன்பே திகதியைப் பார்த்து ஒழுங்கு செய்துகொண்டால் மருந்து அறுபடாது. நாளை காலை முதலில் தண்ணீர், குளிசை. தேத்தண்ணி கொஞ்சம் பொறுக்கட்டும்.