புதிய கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர்

என் சித்தப்பா மருந்துக் கடை வைத்திருக்கிறார். கடையின் பில் போடும் புரோகிராம் டாஸ் காலத்தது. எழுதிக் கொடுத்தவர் எங்கிருக்கிறார் என்றே தெரியாது. எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒன்றில் அது ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒருநாள் மதர்போர்டு போய்விட்டது. "யார் யார் எவ்வளவு பாக்கி தரணும்னு எல்லாம் அதுக்குள்ளதாண்டா இருக்கு" என்று போன் செய்தார். நல்லவேளை, ஹார்ட் டிஸ்க் பிழைத்திருந்தது.

அதிலிருந்த போல்டரை வீட்டின் புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் காப்பி செய்து கிளிக் செய்தால், இது இங்கே இயங்காது என்று செய்தி வந்தது. 16 பிட் புரோகிராம்கள் 64 பிட் விண்டோஸில் இயங்காது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில்தான். சரி, புதிய கம்ப்யூட்டரில் எக்ஸ்பியைப் போட்டுவிடலாமா? அதற்கு டிரைவர்கள் கிடைக்காது.

இந்த இடத்தில் கைகொடுப்பதுதான் விர்ச்சுவல் மெஷின். உங்கள் விண்டோஸுக்குள் ஒரு விண்டோவில் இன்னொரு கம்ப்யூட்டர் ஓடும். அதன் ஹார்ட் டிஸ்க், உங்கள் டிஸ்க்கில் உள்ள ஒரு பெரிய பைல், அவ்வளவுதான். இதற்கு ஆரக்கிள் நிறுவனத்தின் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது.

முதலில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கவும். பெர்பார்மன்ஸ் பகுதியில் சிபியூவைக் கிளிக் செய்தால் விர்ச்சுவலைசேஷன் என்ற வரி தெரியும். எனேபிள்டு என்றிருந்தால் கவலையில்லை. டிஸேபிள்டு என்றிருந்தால் பயாஸ் சென்று மாற்ற வேண்டும். இன்டெல் போர்டுகளில் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றும் ஏஎம்டி போர்டுகளில் எஸ்விஎம் என்றும் இருக்கும். புதியவர்கள் பலர் இந்த ஒரு வரியைப் பார்க்காமல்தான் அரை நாளை வீணாக்குகிறார்கள்.

விர்ச்சுவல்பாக்ஸில் நியூ பட்டனை அழுத்தி, பெயர் கொடுத்து, விண்டோஸ் எக்ஸ்பி 32 பிட் என்று தேர்வு செய்யுங்கள். அடுத்து மெமரி. நான் தாராள மனதுடன் 8 ஜிபியில் பெரும்பகுதியை அள்ளிக் கொடுத்தேன். வெளியே இருந்த விண்டோஸ் நகரவே மறுத்துவிட்டது! எக்ஸ்பிக்கு 512 எம்பி தாராளம். டிஸ்க் 10 ஜிபி போதும். முழு இடத்தையும் முன்பே ஒதுக்கும்படி கேட்காவிட்டால், நிரம்ப நிரம்பத்தான் அந்த பைல் வளரும். பிறகு சித்தப்பா விலை கொடுத்து வாங்கியிருந்த எக்ஸ்பி சிடியின் ஐஎஸ்ஓ பைலைக் காட்டி இன்ஸ்டால் செய்தேன். மவுஸ் உள்ளேயே சிக்கிக்கொண்டால் பயப்பட வேண்டாம். வலது கன்ட்ரோல் கீயை அழுத்தினால் வெளியே வந்துவிடும்.

டிவைசஸ் மெனுவில் கெஸ்ட் அடிஷன்ஸ் சேர்த்ததும், ஷேர்டு போல்டர் வழியாகக் கடை போல்டரை உள்ளே கொண்டுசென்றேன். உடனே செட்டிங்ஸில் நெட்வொர்க் அடாப்டரின் டிக் அடையாளத்தை எடுத்துவிட்டேன். எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8 உடன் முடிந்துவிட்டது. அதை இன்டர்நெட்டில் விடுவது வாசற்கதவைத் திறந்து வைத்துத் தூங்குவது போல.

புரோகிராம் திறந்தது. பாக்கிப் பட்டியலும் வந்தது. சித்தப்பா முதல் வேலையாக அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்!

ஸ்னாப்ஷாட் என்றொரு வசதி உண்டு. இப்போதைய நிலையைப் பிடித்து வைத்து, ஏதாவது கெட்டுப்போனால் அந்த நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அதை பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் அதே ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது. மெஷினை ஷட்டவுன் செய்தபின் அதன் போல்டரை முழுவதுமாக வேறு டிஸ்க்கில் காப்பி செய்து வையுங்கள். நான் செய்த காப்பி ஒரு பென் டிரைவில் சித்தப்பாவின் கல்லாப்பெட்டிக்குள் இருக்கிறது.